காரின் முன்கண்ணாடி கோடு விழாமல், மங்காமல் இருக்க

கார் ஓட்டத் தொடங்கிய முதல் வருடம் அது. செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கு இரவில் வந்துகொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. எதிரே ஒரு பேருந்து ஹைபீம் போட்டுக்கொண்டு வந்தது. வெளிச்சம் பட்ட நொடியில் முன்கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெளுத்துப்போனது. சாலையின் ஓரம் தெரியவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த பைக்கின் சிவப்பு விளக்கும் தெரியவில்லை. பேருந்து தாண்டிய பிறகு பார்த்தால் அந்த பைக் என் பானட்டுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது.

மறுநாள் காலை சித்தப்பாவிடம் சொன்னேன். முப்பது வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். வைப்பரை அவர் பார்க்கவில்லை, கண்ணாடியின் வெளிப்பக்கத்தையும் பார்க்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்கு மேலே கண்ணாடியின் உள்பக்கத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலை என் முன்னால் நீட்டினார். நுனியில் சாம்பல் நிறத்தில் பிசுக்கு ஒட்டியிருந்தது.

"தினமும் கழுவுறேன்னு சொன்னியேடா. உள்ளே என்னைக்காவது துடைச்சியா?"

கார் வாங்கிப் பதினோரு மாதமாகியிருந்தது. ஒரு தடவைகூடத் துடைத்ததில்லை.

புதிதாகக் கார் ஓட்டும் பலரும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஏறிக்கொண்டே போகும். பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதிர்வண்டியின் வெளிச்சமோ, மாலையில் தாழ்ந்த வெயிலோ நேராகப் பட்டால் அந்தப் படலம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் சூரியன் நேர் எதிரே இருக்கும். கண்ணாடி எப்படி இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

உள்பக்கத்தில் அழுக்கு எங்கிருந்து வருகிறது?

ஜன்னலையெல்லாம் மூடியே வைத்திருக்கிறோமே, உள்ளே எப்படிப் படலம் வரும் என்று கேட்கலாம். முக்கியமான காரணம் காருக்குள்ளேயே இருக்கிறது. டேஷ்போர்டிலும் சீட்டிலும் உள்ள பிளாஸ்டிக், ரெக்சின் வகைகளை இளக்கமாக வைத்திருக்க அவற்றில் எண்ணெய் போன்ற சில வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். வெயிலில் நிறுத்திய கார் அடுப்பு மாதிரி சூடாகும்போது அவை ஆவியாகி, மேலே எழும்பிக் கண்ணாடியில் படிகின்றன. புதுக் காரில் வரும் அந்த வாசனையில் இந்த ஆவிக்கும் பங்கு உண்டு. அதனால் புதுக் காரில்தான் இந்தப் படலம் சீக்கிரம் ஏறும். "புது வண்டிதானே, அதற்குள் என்ன துடைப்பது" என்று விட்டுவிடாதீர்கள்.

அதோடு நாமும் கொஞ்சம் சேர்க்கிறோம். டேஷ்போர்டு மின்ன வேண்டும் என்று வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் வழவழப்பாக ஒரு பாலிஷ் அடித்துக் கொடுப்பார்கள். அதில் உள்ள சிலிக்கோன் எண்ணெய் வெயில் பட்டதும் கண்ணாடிக்குப் போகும். அந்த மினுமினுப்பே கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணை உறுத்தவும் செய்யும். அடுத்த முறை போகும்போது "டேஷ்போர்டுக்குப் பாலிஷ் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணெயாக இருக்கும் கார் சென்ட், டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குக் கொளுத்தும் ஊதுவத்தி, சிகரெட் புகை எல்லாமே அங்கேதான் போய்ப் படியும். மழை நாளில் கண்ணாடி வியர்த்தால் உள்ளங்கையால் தேய்க்கும் பழக்கமும் நம்மில் பலருக்கு உண்டு. கையின் எண்ணெய்ப் பசை அப்படியே அங்கே தங்கிவிடும்.

வாங்க வேண்டியவை

பெரிய செலவு கிடையாது. மைக்ரோஃபைபர் துணி நான்கு வாங்குங்கள். கண்ணாடிக்கு என்றே புசுபுசுவென்று இல்லாமல் வழுவழுப்பாகவோ, தேன்கூடு மாதிரிக் கட்டம் போட்டோ நெய்த துணி கிடைக்கும், அது நல்லது. பஞ்சு மாதிரி உள்ள தடித்த துணி பெயின்டுக்குச் சரி. கண்ணாடியில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே போகும், நூலும் விடும். உள்ளே இரண்டு, வெளியே இரண்டு என்று நிறம் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்ப்ரே பாட்டில். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன். கடையில் விற்கும் கார் கண்ணாடி கிளீனர் ஒன்று. வாங்கும்போது அதில் அமோனியா இல்லையே என்று லேபிளைப் பாருங்கள். கண்ணாடியில் வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா அதைக் கெடுத்து, நாளடைவில் உரியவும் நிறம் மாறவும் வைக்கும். (ஃபிலிம் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. கண்ணாடியில் ஏற்கெனவே கொஞ்சம் பச்சைச் சாயம் இருப்பதால் அதன்மேல் ஃபிலிம் ஒட்டினால் இந்த அளவு சுலபமாகக் குறைந்துவிடும்.)

கிளீனருக்குப் பதிலாக வீட்டிலேயே கலந்துகொள்ளவும் செய்யலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் ஒரு பங்கு. ஆல்கஹால் மருந்துக் கடையிலோ கெமிக்கல் கடையிலோ கிடைக்கும். எண்ணெய்ப் படலத்தை எடுக்க இதைவிட எளிதான பொருளை நான் பார்க்கவில்லை. சீக்கிரம் காய்ந்துவிடும், எதையும் மிச்சம் வைக்காது. ஆனால் தீப்பற்றக்கூடியது. நான்கு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள், பக்கத்தில் சிகரெட், ஊதுவத்தி எதுவும் இருக்கக் கூடாது.

செய்தித்தாளால் துடைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அவசரத்துக்கு வெளிப்பக்கம் துடைக்கலாம், தப்பில்லை. உள்ளே துடைத்தால் மை விரலில் ஒட்டி, அங்கிருந்து கூரைத் துணிக்கும் வெளிர் நிற டிரிம்முக்கும் போகும். அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு.

உள்பக்கம் துடைப்பது

நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடி கையால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடான கண்ணாடியில் கிளீனர் நீங்கள் துடைப்பதற்கு முன்பே காய்ந்து திட்டுத்திட்டாகப் பதியும். காலை ஏழு மணி நல்ல நேரம்.

1. முதலில் வெறும் உலர்ந்த துணியால் டேஷ்போர்டையும் கண்ணாடியையும் லேசாகத் தட்டித் தூசியை எடுங்கள். தூசி இருக்கும்போதே ஈரம் பட்டால் அது சேறாகும்.

2. துணியை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடியுங்கள். இப்படி மடித்தால் மொத்தம் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

3. கிளீனரைத் துணியில் அடியுங்கள், கண்ணாடியில் அடிக்காதீர்கள். கண்ணாடியில் அடித்தால் அது வழிந்து டேஷ்போர்டின் ஏசி துளைக்குள்ளும் ஸ்பீக்கருக்குள்ளும் போகும். பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் உள் கண்ணாடிக்குப் பின்னால் கேமராவோ மழை சென்சாரோ இருக்கிற கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு மூன்று தடவை அடித்தாலே போதும். துணி ஈரப்பதமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது.

4. இடமிருந்து வலமாக, படுக்கைவாட்டில், மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே துடையுங்கள். வட்டம் வட்டமாகத் துடைப்பதை விட்டுவிடுங்கள். வட்டமாகத் தேய்த்தால் எடுத்த அழுக்கையே திரும்பக் கொண்டுபோய்ப் பூசிக்கொண்டிருப்போம்.

5. உடனே இரண்டாவது உலர்ந்த துணியால், அதே திசையில், ஈரம் முழுக்கப் போகும்வரை துடைத்து முடியுங்கள். கோடு விழாமல் இருப்பதும் விழுவதும் இந்த உலர்ந்த துணியில்தான் இருக்கிறது. பலர் ஈரத்துணியோடு நிறுத்திவிட்டுத் தானாகக் காயட்டும் என்று விடுகிறார்கள்.

முதல் தடவை துடைக்கும்போது துணியைப் பாருங்கள். பழுப்பும் சாம்பலுமாக வரும். மாதக்கணக்கில் துடைக்காத கண்ணாடி என்றால் ஒரே சுற்றில் போகாது. முதல் சுற்றில் படலம் இளகி, முன்பைவிட மோசமாக இழுவின மாதிரித் தெரியும். அங்கே மனம் தளர்ந்து இன்னும் கொஞ்சம் கிளீனரை அடிக்கத் தோன்றும். அதைச் செய்யாமல் புதுத் துணி எடுத்து இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று போங்கள். சித்தப்பா அன்றைக்கு என் காருக்கு மூன்று சுற்று போட்டார். மூன்றாவது துணி வெள்ளையாக வந்தபோதுதான் கையை எடுத்தார்.

கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் அந்தக் கீழ் ஓரம்தான் கஷ்டமான இடம். டிரைவர் சீட்டிலிருந்து ஸ்டீயரிங் இடிக்கும், கை போகாது. பக்கத்து சீட்டுக்கு மாறுங்கள். உள்ளங்கை உங்கள் பக்கம் பார்க்கும்படி கையைத் திருப்பி, விரல்களின் பின்புறம் துணியை வைத்துத் தள்ளினால் மூலை வரை போகும். சமையலறையில் தோசைக்கரண்டி இருந்தால் அதன் தட்டையில் துணியைச் சுற்றியும் செய்யலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். ஃபாஸ்டேக் ஒட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் துடையுங்கள். அதன் ஓரத்தில் ஈரம் இறங்கினால் பசை விடும்.

பின் கண்ணாடியில் சில கார்களுக்குச் சூடேற்றும் மெல்லிய கம்பிக் கோடுகள் உள்பக்கம் இருக்கும். அவற்றின் குறுக்கே அழுத்தித் தேய்க்காமல் கோடு போகும் திசையிலேயே துடைக்க வேண்டும்.

வெளிப்பக்கம்

இங்கே அழுக்கின் வகையே வேறு. தூசி, மணல், டீசல் புகைக் கரி, முன்னால் போகும் லாரி தெளித்த எண்ணெய் கலந்த சேறு. மணல் இருக்கும்போது உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் மெல்லிய கீறல்கள் விழும். நிறையத் தண்ணீர் விட்டு மணலை முதலில் இறக்கிவிடுங்கள். அப்புறம் கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, இந்த முறை மேலிருந்து கீழாக, நெட்டுக்குத்தாகத் துடையுங்கள். நல்ல தண்ணீரால் அலசி, உலர்ந்த துணியால் முடித்துவிடுங்கள்.

உள்ளே படுக்கை, வெளியே நெட்டு என்று திசை மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. முடித்த பிறகு எங்கோ ஒரு கோடு தெரிந்தால், அது உள்ளேயா வெளியேயா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். படுத்திருந்தால் உள்ளே, நின்றிருந்தால் வெளியே.

மே மாத வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். எங்காவது கல் பட்டுச் சின்னப் புள்ளி இருந்தால் அது விரிசலாக ஓட வாய்ப்பிருக்கிறது.

ஜி.எஸ்.டி. சாலையில் முதல் மழைக்கு அப்புறம் சாயங்காலம் ஓட்டியவர்களுக்கு ஈசல் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கரைப் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்துக் கூட்டமாக வந்து கண்ணாடியில் அடிபடும். ஈசலின் உடம்பில் கொழுப்பு அதிகம். பதறிப்போய் வைப்பரைத் தட்டினால் அந்தக் கொழுப்பு வில் மாதிரி இரண்டு வளைவாக இழுபட்டு, எதிரே வரும் விளக்கெல்லாம் சிதறித் தெரியும். வாஷர் தண்ணீரை நிறைய அடித்த பிறகுதான் வைப்பர். அதுவும் முடியவில்லை என்றால் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, நனைத்த துணியைப் பூச்சி ஒட்டிய இடத்தில் ஐந்து பத்து நிமிடம் போர்த்தி வையுங்கள். ஊறியதும் சும்மா வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்தால் கொழுப்பு இன்னும் சுலபமாகப் போகும். காக்கை எச்சத்துக்கும் இதே ஊறவைக்கும் முறைதான். நகத்தாலும் நாணயத்தாலும் சுரண்டாதீர்கள்.

மாமரத்தடி, வேப்பமரத்தடியில் நிறுத்தினால் சில மாதங்களில் பிசுபிசுவென்று நுண்ணிய சொட்டுகள் விழுந்திருக்கும். இலையில் இருக்கும் பூச்சிகள் சுரக்கும் இனிப்பான பசை அது. வெறும் தண்ணீரில் போகாவிட்டால் ஆல்கஹால் கலவை எடுத்துவிடும். பழைய ஸ்டிக்கரை உரித்த இடத்தில் பசை நின்றால் நீலகிரித் தைலம் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். பிறகு அந்தத் தைலத்தின் எண்ணெயைப் போக்க ஆல்கஹாலால் ஒரு தடவை துடைக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு உள்ளவர்களுக்குக் காலையில் கண்ணாடி முழுக்க உப்புப் பனி பூத்திருக்கும். அதை உலர்ந்த துணியால் தொடவே தொடாதீர்கள், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாலே கரைந்துவிடும்.

போர் தண்ணீர்க் கறை

நம் ஊரில் பெரும்பாலான கார்களுக்கு இதுதான் பெரிய வில்லங்கம். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். கழுவிவிட்டு அப்படியே வெயிலில் காயவிட்டால் தண்ணீர் ஆவியாகிப்போய், ஒவ்வொரு சொட்டும் இருந்த இடத்தில் வெள்ளை வளையம் நிற்கும். வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் பொருக்கு கட்டுமே, அதேதான்.

புதுக் கறை என்றால் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து துணியை நனைத்து, கண்ணாடியில் ஐந்து நிமிடம் ஒட்டி வையுங்கள். காய விடக் கூடாது. பிறகு தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பெயின்டிலும் ரப்பரிலும் பட்டால் உடனே கழுவிவிடுங்கள். மாதக்கணக்கில் வெயிலில் வெந்த கறை வினிகருக்கு மசியாது. அதற்கு சீரியம் ஆக்சைடு என்ற பொடி கலந்த கண்ணாடி பாலிஷ் இருக்கிறது. கார் டீடெய்லிங் செய்பவர்களிடம் கொடுத்துச் செய்துகொள்வது நல்லது, புதியவர்கள் மெஷினை வைத்து முயற்சி செய்ய வேண்டாம்.

கறை வராமல் பார்த்துக்கொள்வது இதைவிட மிகச் சுலபம். போர் தண்ணீரில் கழுவினாலும் பரவாயில்லை, கடைசியாகக் கண்ணாடிக்கு மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டுக் காயும் முன்பே துடைத்துவிடுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் காலையில் வந்து கார் துடைத்துக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். ஒரு வாளித் தண்ணீரில் பத்துக் கார் துடைக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. டயர் துடைத்த துணியே கண்ணாடிக்கும் வரும். அவர்களைக் கோபித்துப் பயனில்லை. எங்கள் குடியிருப்பில் வரும் அண்ணனிடம் ஒரு நீலத் துணியைக் கொடுத்து, "அண்ணே, கண்ணாடிக்கு இது மட்டும் போதும், மத்ததுக்கு உங்க துணி" என்று சொன்னேன். வாரம் ஒரு முறை அதை நானே துவைத்துக் கொடுக்கிறேன். அன்றிலிருந்து வெளிப்பக்கத்தில் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள்

கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அம்மா நடுக்கண்ணாடியில், நெற்றிப் பொட்டு மாதிரி, கட்டை விரலால் அழுத்தி வைத்தார். எனக்கும் அதைப் பார்க்க மனம் நிறைந்துதான் இருந்தது. அதனால் இப்போது வேறு விதமாகக் கேட்டுக்கொள்கிறேன்: பொட்டு டிரைவரின் கண்ணுக்கு நேராக இல்லாமல், வைப்பர் தொடாத மேல் ஓரத்திலோ பானட்டின் மேலோ இருக்கட்டும்.

ஏற்கெனவே நடுவில் வைத்தாயிற்று என்றால், வடகிழக்குப் பருவமழையும் அதை ஒட்டித்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். காய்ந்த சந்தனத்தின் மேல் வைப்பர் ஓடினால் ரப்பர் விளிம்பில் சந்தனத் துகள் ஏறிக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு வீச்சிலும் மஞ்சள் கோடு விழும். மறுநாள் காலையிலேயே ஈரத்துணியைப் பொட்டின் மேல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்து, பக்கவாட்டில் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பொட்டு துணியோடு வந்துவிடும். பூசணிக்காய் சிதறியதில் தெறித்தது ஏதாவது வைப்பர் பள்ளத்தில் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வைப்பர்

எவ்வளவு சுத்தமான கண்ணாடியையும் கெட்டுப்போன வைப்பர் இரண்டே வீச்சில் பாழாக்கிவிடும். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகும். வருடத்துக்கு ஒரு முறை, செப்டம்பர் வாக்கில், மழைக்கு முன்பு மாற்றிவிடுவது என் வழக்கம். முழு பிளேடையும் மாற்றலாம், சில வகைகளில் ரப்பரை மட்டும் மாற்றலாம். டிரைவர் பக்கமும் மறுபக்கமும் பெரும்பாலும் வேறு வேறு நீளம், அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மாற்றுவதற்கு முன் ஒரு தடவை சுத்தம் செய்து பாருங்கள். வைப்பரைத் தூக்கி, ஈரத்துணியை இரண்டு விரலுக்கிடையில் மடித்து ரப்பரின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுங்கள். மை மாதிரிக் கறுப்பாக வரும். கறுப்பு குறையும்வரை இழுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தால் பாதி வைப்பர்கள் சரியாகிவிடும். தூக்கி வைத்திருக்கும்போது கண்ணாடியின் மேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போடுங்கள். பிளேடைக் கழற்றிய கம்பி ஸ்பிரிங் வேகத்தில் திரும்ப விழுந்து கண்ணாடி உடைந்த கதைகள் நிறைய உண்டு.

மெல்லிய ஒற்றைக் கோடு விழுந்தால் ரப்பரில் மணல் ஒட்டியிருக்கிறது அல்லது விளிம்பு கிழிந்திருக்கிறது. அகலமாக ஒரு பட்டை துடைபடாமல் நின்றால் ரப்பர் அந்த இடத்தில் கண்ணாடியைத் தொடவில்லை. தடதடவென்று குதித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் கண்ணாடியில் மெழுகோ எண்ணெயோ இருக்கிறது. பெயின்டுக்குப் போட்ட வாக்ஸ் கண்ணாடிக்கும் பரவியிருக்கும். ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். அதன் பிறகும் குதித்தால் மெக்கானிக்கிடம் கம்பியின் கோணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பானட்டுக்குள் இருக்கும் வாஷர் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம், தெளிக்கும் துளையில் உப்பு அடைக்கும். ஆர்.ஓ. தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றி, கண்ணாடிக்கென்றே விற்கும் வாஷர் திரவத்தை அதன் பாட்டிலில் சொன்ன அளவு கலந்துகொள்ளுங்கள். தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு, சோப்புத்தூள் வேண்டாம். நுரை காய்ந்து அதுவே ஒரு படலமாகிவிடும். வாஷர் தொட்டியின் மூடியில் கண்ணாடியும் நீர்த்துளியும் படமாக இருக்கும். பக்கத்திலேயே எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் தொட்டியும் இருக்கும், மாற்றி ஊற்றிவிடாதீர்கள். துளை அடைத்தால் மெல்லிய ஊசியால் குத்தினால் போதும்.

மழையில் கண்ணாடி மூடிக்கொண்டால்

முதலில், பனி உள்ளேயா வெளியேயா என்று விரலை வைத்துப் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரிக் குளிர் ஊரிலும், நான்கைந்து பேர் நனைந்துபோய் ஏறிய காரிலும் அது உள்ளே இருக்கும். ஏசியைப் போடுங்கள், காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து வெளிக்காற்று வரவிடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

சென்னையில் மழை விட்ட புழுக்கத்தில் நேர்மாறாக நடக்கும். ஏசிக் காற்று கண்ணாடியைக் குளிரவைப்பதால் வெளிப்பக்கத்தில் ஈரம் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. புதியவர்கள் இங்கே குழம்பிப்போய் ஏசியை இன்னும் கூட்டுவார்கள். வைப்பரை ஒரு தடவை ஓட்டிவிட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்குத் திருப்பி, குளிரைக் கொஞ்சம் குறையுங்கள்.

அழுக்கு இருக்கும் கண்ணாடியில் பனி சீக்கிரமும் அடர்த்தியாகவும் பிடிக்கும். ஈரம் துளியாகத் திரள அந்தத் துகள்கள் இடம் கொடுக்கின்றன. உள்பக்கத்தைச் சுத்தமாக வைத்திருந்தால் மழையிலும் அதன் பலன் தெரியும்.

துணியும் இடைவெளியும்

மைக்ரோஃபைபரைத் தனியாகத் துவையுங்கள். பருத்தித் துணியோடு போட்டால் அதன் பஞ்சையெல்லாம் இது பிடித்துக்கொள்ளும். துணிக்கு மிருதுவும் வாசனையும் தரும் கண்டிஷனரில் முக்கவே கூடாது. அது இழையில் ஒரு பூச்சாகப் படிந்து ஈரத்தை உறிஞ்ச விடாது, கண்ணாடியிலும் கோடு போடும். உலர்ந்ததும் ஜிப் வைத்த பையில் போட்டுக் கதவுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் திறந்து கிடந்தால் மணல் ஏறிவிடும்.

உள்பக்கம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வெளிப்பக்கம் ஒவ்வொரு இரவுப் பயணத்துக்கு முன்பும் துடைத்தால் போதுமானது. துடைத்து முடித்ததும் இருட்டிய பிறகு காருக்கு வெளியே ஒருவரை நிற்கவைத்து, செல்போன் டார்ச்சைக் கண்ணாடியில் சாய்வாக அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் டிரைவர் சீட்டில் இருந்து பாருங்கள். பகலில் தெரியாத கோடெல்லாம் அப்போது தெரியும். அங்கே மட்டும் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தால் முடிந்தது.

எவ்வளவு துடைத்தும் போகாத ஒரு புள்ளி இருந்தால் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நகம் இடறினால் அது கல் பட்ட தெறிப்பு. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது என்பதால் உடனே நொறுங்காது. ஆனால் புள்ளிக்குள் தூசியும் தண்ணீரும் போய்விட்டால் ரிப்பேர் சரியாக நிற்காது. அந்த இடத்தில் கிளீனர் அடிக்காமல், ஒரு துண்டு செல்லோடேப்பை வெளியே ஒட்டிவிட்டு அந்த வாரமே கண்ணாடிக் கடைக்குப் போங்கள். சின்னப் புள்ளி என்றால் பிசின் ஊற்றி அடைத்துக் கொடுப்பார்கள். ஓரம் வரை ஓடிய விரிசல் என்றால் கண்ணாடியையே மாற்ற வேண்டியிருக்கும். அப்படி மாற்றும்போது பழைய ஃபாஸ்டேக்கை உரித்து ஒட்டினால் வேலை செய்யாது. உங்களுக்கு அதைக் கொடுத்த வங்கியிடம் புதிதாகக் கேட்டு வாங்கி, புதுக் கண்ணாடியின் உள்பக்கத்தை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்ட பிறகு ஒட்டிக்கொள்ளுங்கள்.